சஜஷனில் நிற்கிறவர்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் 'சிந்து பைரவி' ஓடிக்கொண்டிருந்தது. தட்டைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். படத்தின் தொடக்கத்தில் வரும் அந்தக் கச்சேரிக் காட்சி. மிருதங்க வித்துவான் குருமூர்த்தி குடித்துவிட்டு வந்திருக்கிறார். பாடகர் ஜேகேபிக்கு அது தெரிந்துபோகிறது. மிருதங்கமே வேண்டாம் என்று முடிவு செய்து, அது இல்லாமலே பாடிவிடுகிறார்.

ஜேகேபியாக வரும் சிவகுமார் கம்பீரமாகப் பாடுகிறார், சபை சொக்கிப் போகிறது. ஆனால் என் கண் குருமூர்த்தியை விட்டு நகரவில்லை. தப்பு செய்தவனின் கூச்சமும், நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட கலைஞனின் வலியும் ஒரே முகத்தில் இருந்தன. பின்னால் அதே ஜேகேபி குடியில் விழுந்து கிடக்கும்போது, இந்த முகம்தான் நமக்குள் வந்து நிற்கிறது. கதாநாயகனுக்கு வரப்போகும் வீழ்ச்சியை முதல் காட்சியிலேயே இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். அவர் டெல்லி கணேஷ்.

2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு, 80 வயதில் அவர் இறந்தார். அன்றைக்கு எழுத நினைத்து முடியாமல் போனது. இப்போது எழுதுகிறேன்.

அந்த வாரம் வந்த அஞ்சலிகளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: 'சிறந்த குணச்சித்திர நடிகர்'. எனக்கு அந்த வார்த்தை மேல் ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு. மரியாதையாகத்தான் சொல்கிறோம், சரி. ஆனால் அதைச் சொன்னதும் அந்த மனிதரைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். 400க்கும் மேற்பட்ட படங்களில் ஒருவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

அவர் எங்கள் பக்கத்துக்காரர். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் வல்லநாடு வரும். வெளிமான் சரணாலயத்தால் பலருக்குத் தெரிந்திருக்கும். 1944இல் அங்கே பிறந்த கணேசன், இருபது வயதில் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1964 முதல் 1974 வரை பத்து வருடம் வேலை பார்த்தார். அவரை நடிகராக்கியது டெல்லிதான். அங்கே தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடிக்க ஆரம்பித்தார். சொந்த ஊரை விட்டுத் தூரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தங்கள் மொழியில் ஒரு நாடகம் என்றால் அது வெறும் பொழுதுபோக்கு மட்டுமா என்ன? அந்தக் கூட்டத்தின் முன்னால் பழகிய நடிப்பு அது.

அப்புறம் சென்னை. காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழு. விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது இவருக்கும் சினிமாக் கதவு திறந்தது. 'டெல்லி கணேஷ்' என்று பெயர் வைத்தவரும் பாலசந்தர்தான்.

நாடகம் அவருக்கு என்ன கொடுத்தது என்று நான் நினைப்பதைச் சொல்ல, என் சொந்தக் கதை கொஞ்சம் வேண்டும். பல வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தில் வருடா வருடம் நாடகம் போடுவோம். எனக்கு எப்போதும் அண்ணன், நண்பன், பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வேஷம்தான் கிடைக்கும். ஒத்திகையில் என் வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வசனம் வரும்வரை சும்மா நிற்பேன். எங்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருநாள் கத்தினார்: "ஒன் வசனம் முடிஞ்சதும் ஏம்ப்பா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற? அவரு ஒங்கிட்டதான் பேசுதாரு. கேளு!"

கேட்பதுதான் கஷ்டம். எதிராளி என்ன சொல்லப் போகிறார் என்பது ஐம்பது ஒத்திகையில் மனப்பாடம் ஆகியிருக்கும். அதை முதல் தடவை கேட்பது போலக் கேட்க வேண்டும். மேடையில் க்ளோஸ்-அப் கிடையாது, வெட்டி ஒட்ட எடிட்டர் கிடையாது. நீங்கள் சும்மா நின்றால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

சினிமாவில் இதற்குச் சோதனையான ஒரு இடம் உண்டு. சஜஷன் ஷாட் என்பார்கள். கேமரா ஒருவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து எதிரே இருப்பவரின் முகத்தைக் காட்டும். தோள் மட்டும் தெரிகிறவருக்கு அங்கே நடிக்க எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அவர் கண்ணில் உயிர் இல்லாவிட்டால், எதிரே முகம் தெரிகிறவரின் நடிப்பும் இறங்கிப்போகும். கணேஷ் கூட நடித்தவர்கள் எல்லாரும் அவர் இருக்கும் காட்சிகளில் இன்னும் நன்றாகத் தெரிவது ஏன் என்று கேட்டால், என் பதில் இதுதான்.

'நாயகன்' படத்தில் அவர் வேலு நாயக்கர் கூடவே இருக்கும் ஐயர். வேலுவுக்கு இந்தி வராது. பேரம் பேசும் இடத்தில் இவர்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறார். யோசித்துப் பாருங்கள், மொழிபெயர்ப்பவரின் வேலையே இரண்டு பக்கமும் கேட்பதுதான். கமல்ஹாசனின் அமைதி அவ்வளவு கனமாகத் தெரிவதற்கு, பக்கத்தில் இந்த மனிதர் பதறுகிற பதற்றமும் ஒரு காரணம்.

'மைக்கேல் மதன காம ராஜன்' வேறு உயரம். 1990இல் வந்த படம், இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ், வசனம் கிரேசி மோகன். சமையல்கார காமேஸ்வரனின் வளர்ப்பு அப்பா பாலக்காடு மணி ஐயராக கணேஷ். தாமிரபரணிக்காரர் பாலக்காட்டுத் தமிழை அப்படிப் பேசுவார். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழும் காட்சியைத் தமிழில் சிரிக்கத் தெரிந்த எல்லாரும் பார்த்திருப்பார்கள். கிரேசி மோகனும் மேடையிலிருந்து வந்தவர். அவர் வசனத்தில் ஒரு வார்த்தை அரை நொடி தள்ளி விழுந்தாலும் சிரிப்பு போய்விடும். அந்த அரை நொடியைக் காப்பாற்ற, சபாக்களில் ஜனங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை எடுத்துப் பழகியவர்கள் வேண்டும். கமல் தன் படங்களில் நாகேஷையும் கணேஷையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது நட்புக்காக மட்டும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். அதே கணேஷ்தான் ஒரு வருடம் முன்னால் வந்த 'அபூர்வ சகோதரர்க'ளில் நாலு வில்லன்களில் ஒருவர். மணி ஐயரின் ஒரு சாயல்கூட அதில் கிடையாது.

ஆனால் எனக்கு மனசு வலிப்பது 'பசி'யை நினைக்கும்போதுதான். துரை இயக்கி 1979இல் வந்த படம். ரிக்‌ஷா இழுக்கும் அப்பா கணேஷ், மகள் ஷோபா. ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. தேசிய விருதில் துணை நடிகருக்கு என்று ஒரு பிரிவே அப்போது இல்லை. 1984ஆம் வருடப் படங்களிலிருந்துதான் அது வந்தது. அதாவது, ஒரு படத்தைத் தோளில் தாங்குகிறவர்களுக்கு விருது தரலாம் என்கிற யோசனை நம் நாட்டுக்கு வருவதற்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அடுத்த வருடமே 'சிந்து பைரவி'. சுஹாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. குருமூர்த்திக்கு இல்லை.

தொலைக்காட்சியைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் உண்டு. சினிமாவில் வாய்ப்பு குறைந்தால் சீரியலுக்குப் போவார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சீரியலில் நேரமே கிடையாது. வசனத் தாள் கையில் வந்த கொஞ்ச நேரத்தில் கேமரா ஓடும், பக்கத்திலிருந்து ஒருவர் ப்ராம்ப்ட் செய்துகொண்டே இருப்பார். ஒரே அதிர்ச்சிக்கு ஒரு முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். அந்த அவசரத்திலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசுவது போலவே பேச முடிகிறவர்கள் யாரென்று பாருங்கள், பெரும்பாலும் நாடகத்திலிருந்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். கணேஷ் அந்த வேலையையும் குறைவாக நினைக்கவில்லை. யூடியூபுக்காக இளைஞர்கள் எடுத்த குறும்படங்களிலும் எழுபது வயதுக்கு மேல் வந்து நடித்துக்கொடுத்தார்.

என் அம்மாவுக்கு நடிகர்கள் பெயர் எதுவும் நிற்காது. இவரை மட்டும் "வல்லநாட்டுக்காரரு" என்பாள். அவர் இறந்த மறுநாள் காலையில் விஷயத்தைச் சொன்னபோது, "நம்ம வல்லநாட்டுக்காரருல்லா... எப்பம்?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்திய செய்தியை டிவியில் பார்த்துத்தான் அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பதே அவளுக்குத் தெரிந்தது. "சொல்லவே இல்லையே ஒருநாளும்" என்றாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் குறைபட்டுக்கொள்வது போல.

அன்று ராத்திரி போனில் அந்த மீன் காட்சியைப் போட்டுக் காட்டினேன். வழக்கம் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு, அவரு மொகத்த மட்டும் பாக்கணும்" என்றாள்.