கடிதங்களைப் பிரித்துப் படித்தவர்

என் மகளுக்குப் பதினான்கு வயது. சென்ற வாரம் தனக்குப் பிடித்த பாடகனின் படம் ஒன்றை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். அவள் முகம் சுண்டிப்போனது. அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான், இப்படிப்பட்ட சிறுமிகளுக்காக ஓர் அமெரிக்க இதழை நடத்திய குளோரியா ஸ்டேவர்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

1950களின் பிற்பகுதியில், ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரைக் கேட்டாலே அமெரிக்கப் பெற்றோர் பதறிய நாட்களில், நியூயார்க்கில் 'சிக்ஸ்டீன்' என்ற, பாப் நட்சத்திரங்களைப் பற்றிய பதின்வயதினர் இதழ் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ழாக் ஷாம்ப்ரன் என்ற இலக்கிய முகவர். கனடிய எழுத்தாளர் மேவிஸ் காலன்டின் கதைகளை 'நியூயார்க்கர்' இதழுக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தை அவருக்குத் தராமல் தானே வைத்துக்கொண்டாரே, அதே மனிதர்தான். இதழுக்கு உயிர் கொடுத்தவர் குளோரியா. மாடலாக இருந்தவர், அங்கே சந்தாப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். வாசகிகளின் கடிதங்களைப் பிரித்துப் படித்தார். 1958இல் இதழாசிரியரானார்.

தங்கள் பாடகனுக்குப் பிடித்த நிறம் எது, எப்படிப்பட்ட பெண்ணை அவனுக்குப் பிடிக்கும் என்றெல்லாம் அந்தச் சிறுமிகள் அறிய விரும்பினார்கள். குளோரியா அந்தக் கேள்விகளையே நட்சத்திரங்களின் முன்னால் வைத்தார். இவை அற்பக் கேள்விகள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாட்டை அந்தச் சிறுமி ஏற்கெனவே நூறு முறை கேட்டுவிட்டாள். அந்தக் குரலுக்கு உரியவன் தன்னைப் போல் ஒரு மனிதன்தானா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது?

ராக் இசை இதழ் என்று பெயர்பெற்ற 'ரோலிங் ஸ்டோன்' இதழின் முதல் பிரதி 1967 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் குளோரியா ஒன்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டார். டோர்ஸ் என்ற ராக் குழுவின் பாடகர் ஜிம் மோரிசனை அதே ஆண்டு தானே புகைப்படம் எடுத்தார். ஆனாலும் ராக் இசையைப் பற்றி எழுதியவர்களின் வரிசையில் அவர் பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. வாசகர்கள் சிறுமிகள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

லாஸ் ஏஞ்சலீஸில் 1965இல் இதே போன்ற 'டைகர் பீட்' இதழைத் தொடங்கிய சார்ல்ஸ் லாஃபர், முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகள் ஆசையோடு எடுத்துப் படிக்க எதுவுமில்லை என்பதை வகுப்பறையிலேயே கண்டவர். மங்கீஸ் என்ற பாப் குழுவின் புகழோடு அவர் இதழும் மேலே ஏறியது.

இந்த இதழ்களில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவை காட்டிய பையன்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கறுப்பினச் சகோதரர்களின் ஜாக்சன் ஃபைவ் பாடல் குழு புகழின் உச்சத்தில் இருந்த 1971இல், கறுப்பின இளைஞர்களுக்காக 'ரைட் ஆன்!' என்று தனி இதழையே லாஃபரின் நிறுவனம் தொடங்கியது. கறுப்பினச் சிறுமிகள் அதுவரை காத்திருந்ததை நினைத்தால் கோபம் வருகிறது. பையன்களும் இந்த இதழ்கள் வரைந்த பிம்பத்தில் சிக்கிக்கொண்டார்கள். பாடகர் டேவிட் காசிடிக்குப் புன்னகை பூத்த நல்ல பிள்ளை வேடம் அலுத்துப்போய், 1972இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் நிர்வாணமாகப் படம் எடுத்துக்கொண்டு அதை உடைக்கப் பார்த்தார். இந்தப் பழியில் குளோரியாவுக்கும் பங்கு உண்டு, மறுக்க மாட்டேன்.

ஆனால் மூட்டை மூட்டையாக வந்த கடிதங்களைச் சிரிக்காமல் படித்த பெரியவர் அவர். அந்த வயதில் அப்படி ஒருவர் கிடைப்பது சாதாரணம் இல்லை. 1975இல் இதழைவிட்டு விலகினார். 1983இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 'சிக்ஸ்டீன்' 2001 வரை வந்தது.

அந்த உறவினர் தீபாவளிக்கு மறுபடியும் வருகிறார். படத்தின் ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது. அதற்குள் நானே அதைச் சரியாக ஒட்டிவைக்கப் போகிறேன்.