அரிதட்டிலும் கோதுமை ஒளிந்திருக்கும்
சீலியாக் என்பது கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் குடலைக் கெடுக்கும் நோய். அது உள்ளவர்களுக்கான ஒரு கட்டுரையில் “பாணை விட்டால் போதும், நமக்குச் சோறும் பிட்டும் இருக்கே” என்று வருவது பாதிதான் சரி. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கடைப் பிட்டு, இடியப்பத்தில் கோதுமை மா கலப்பது சாதாரணம். பெருங்காயத் தூளிலும் சோயா சோஸிலும்கூடப் பெரும்பாலும் கோதுமை உண்டு. வீட்டில் அரிசி மா அவித்தாலும் கோதுமை மா அரித்த அதே அரிதட்டு என்றால் வீண்தான். வலைக்கண்ணில் ஒட்டிய மா கழுவினாலும் லேசில் போகாது, தனியாக ஒன்று வாங்குங்கள். டிடிஜி-ஐஜிஏ (சீலியாக்கில் கூடும் எதிர்ப்பொருள்) இரத்தப் பரிசோதனையை நோய் கண்டுபிடித்த பிறகு 6ஆம், 12ஆம் மாதங்களிலும் பிறகு வருடாவருடமும் செய்யவேண்டும். அளவு இறங்காமல் நின்றால் முதலில் குசினியைச் சந்தேகியுங்கள். இறங்கினாலும் குடல் முழுக்க ஆறிவிட்டது என்று உறுதியில்லை. இரும்புச்சத்து, பி12, விற்றமின் டி, தைரொயிட் பார்க்கவும் கேளுங்கள்.