நிஜக்கதை என்று போட்டுவிட்டால் கேள்வியே கேட்கக் கூடாதா?

நேற்றைய பதிவுக்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்துவிட்டேன். 1971-ல் கறுப்பு, வெள்ளை மாணவர்கள் சேர்ந்து ஆடிய ஒரு பள்ளி அணியின் நிஜக்கதை என்று வந்த அமெரிக்கக் கால்பந்துப் படம் 'ரிமெம்பர் த டைட்டன்ஸ்' பற்றி நாலு வரி எழுதியதற்கு, எனக்கு ரசனை இல்லை என்பதில் தொடங்கி வெறுப்பைப் பரப்புகிறேன் என்பதுவரை வந்துவிட்டது. படம் மோசம் என்று நான் எங்கே சொன்னேன்? அணியின் பயிற்சியாளராக டென்சல் வாஷிங்டன் வரும் ஒவ்வொரு காட்சியும் எனக்குப் பிடிக்கும். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நிஜக்கதை என்று சொல்லிவிட்டு, நிஜமாகப் போராடியவர்களை அந்தப் படம் காணாமல் ஆக்கிவிட்டது.

படத்தைப் பார்ப்பவர்களுக்கு, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் கறுப்பு மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் 1971-ல்தான் முதன்முதலாகச் சேர்ந்து படித்தார்கள் என்று தோன்றும். இல்லை. 1959 பிப்ரவரியிலேயே, வழக்குப் போட்டு ஜெயித்து, ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் அந்த ஊரின் வெள்ளையர் பள்ளிகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். அந்த வழக்கில் சேர்ந்ததற்காக ஒரு தாய், பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர், 1958-ல் வேலையை இழந்தார். வேலையைப் பறித்த கல்வி அதிகாரியின் பெயர் டி.சி. வில்லியம்ஸ். படத்தில் வரும் பள்ளியின் பெயரும் அதேதான்! அந்தப் பெயரை மாற்ற 2021 ஆகிவிட்டது. 1971-ல் நடந்தது, ஊரின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது.

"சினிமாவில் கொஞ்சம் கற்பனை இருக்காதா?" இருக்கட்டுமே. நிஜத்தில் அந்த அணி இறுதி ஆட்டத்தை 27-0 என்று ஜெயித்தது, படத்தில் கடைசி நொடிவரை இழுத்தார்கள். சரி. அணித்தலைவர் பெர்ட்டியரின் விபத்து எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு நடந்தது, படத்தில் முன்னால் வந்துவிட்டது. அதுவும் சரி. ஆனால் நீதிமன்றப் படியேறியவர்களை விட்டுவிட்டு, கெட்டிஸ்பர்க்கில் நடந்த பயிற்சி முகாமில் வீரர்கள் சேர்ந்து வியர்வை சிந்தியதும் பகை தீர்ந்தது என்று காட்டினால் அதையும் சரி என்று சொல்ல வேண்டுமா?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் குழுப்பயிற்சி என்று இந்தப் படத்தைப் போட்டார்கள். முடிந்ததும் இதையே கேட்டேன். "நல்லதை மட்டும் எடுத்துக்கோங்க" என்றார் பயிற்சியாளர், எல்லோரும் கைதட்டினார்கள். அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று அதே வாக்கியம் இங்கே, எனக்கு வேண்டியவர்களிடமிருந்தே வந்தது. அதுதான் வலிக்கிறது.

"அமெரிக்கா கதை உனக்கெதற்கு" என்பவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. படம் பார்த்து அழும்போது மட்டும் அது நம் கதையா?

தன் வகுப்பில் இதைத் திரையிடப்போவதாக எழுதியிருந்த நண்பரே, தாராளமாகப் போடுங்கள். பிள்ளைகள் ரசிப்பார்கள். விளக்கைப் போட்டதும் அந்த ஒன்பது பிள்ளைகளைப் பற்றியும், வேலை போன அந்தத் தாயைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள்.