ஜோ தாம்சன் வீட்டு வியாழக்கிழமைகள்

உங்கள் கட்டுரையில் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின நாட்டுப்புற இசைக்குழுவின் 2011 கிராமி விருதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், சரி. அவர்களுக்கு வழிகாட்டிய ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கலைஞர் ஜோ தாம்சனை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, அதுதான் மனதை உறுத்துகிறது. 2005இல் அந்தக் குழுவின் மூன்று இளைஞர்களும் வியாழன்தோறும் வட கரோலினாவின் மெபேனில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவருக்கு அப்போது வயது 86. அவர் ஃபிடிலை எடுப்பார், இவர்கள் கேட்டுக் கேட்டு, கூடவே வாசித்துப் பிடித்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்து நடனங்களுக்குத் தலைமுறைகளாக வாசித்த கறுப்பினக் குடும்பம் அது. ஜோவின் கூட பாஞ்சோ என்ற தந்திக் கருவி வாசித்துவந்த உறவினர் ஓடெல் 1994இலேயே இறந்துவிட்டார். பாஞ்சோவே ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக அமெரிக்காவுக்கு வந்த கருவி என்பதைப் பலர் மறந்திருந்த காலத்தில், அந்த வீட்டுக்கு இந்த இளைஞர்களோடு மறுபடியும் பாஞ்சோ வந்து சேர்ந்தது. விருதைவிட எனக்கு அதுதான் பெரிது. அப்புறம், ஜோ 2012இல் காலமானார், அதையும் சேர்த்துவிடுங்கள்.