முழுக்காசா, லோனா? காணி உறுதியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

கனடாவில் இருந்து வந்து நிற்கிற சொந்தக்காரர் சொல்லுகிற அறிவுரை ஒன்று இருக்கிறது: "முழுக்காசையும் வீட்டில முடக்காதை, கொஞ்சத்தைக் கட்டி மிச்சத்துக்கு லோன் எடு, வாடகைக்கு இருக்கிறவன் அதைக் கட்டி முடிப்பான்." அங்கே 20 வீதம் கையில் இருந்து போட்டு, நாலைந்து வீத வட்டிக்கு எடுக்கிறவர்களுக்கு அது சரிவரலாம் (இப்போது அவர்களுக்கே கையைக் கடிக்கிறது என்பது வேறு கதை). யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு விடுவதற்கென்று முதலாவது வீட்டை வாங்குகிறவர் இதை நம்பி இறங்கக் கூடாது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் 2 கோடிக்கு ஒரு வீடு, பாதிக்கு லோன் என்று வைப்போம். 1 கோடி, 12 வீதம், 15 வருடம் என்றால் மாதம் 120,000 ரூபா அளவில் கட்ட வேண்டும், முதல் மாதம் அதில் ஒரு லட்சம் வெறும் வட்டி. வாடகை 60,000 வந்தாலும் மிச்சம் 60,000 யாருடைய சம்பளத்தில் போகும்? வட்டி மாறுகிற லோன் என்றால் இன்னும் பயம், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி ஏற்றியதை மறந்துவிட்டோமா?

சரி, முழுக்காசு கொடுத்தால் லாபமா என்றால், அதே 2 கோடியை 8 வீத வங்கி வைப்பில் போட்டால் வரிக்கு முன் மாதம் 133,000 வரும், வாடகையைப் போல இரண்டு மடங்கு. ஆகவே நாங்கள் வாங்குவது வாடகையை அல்ல, காணியை. 2022இல் ரூபா விழுந்ததைப் பார்த்தவர்கள் காணியில் காசைப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காணி என்றால் உறுதி, அதாவது காணிப் பத்திரம். காசு கையில் இருக்கிறவர் அவசரப்படுகிற இடமும் இதுதான். லோன் கேட்டால் வங்கியின் சட்டத்தரணி பழைய பதிவுகளை எல்லாம் கிளறுவார். காசோடு போகிறவர் "எங்கட ஆக்கள்தானே" என்று பின்னேரமே முற்பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார். பங்கு பிரிக்காத முதுசக் காணியில் (பரம்பரையாக வந்த காணியில்) ஒருவர் தன் பங்கை விற்பதென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும், வாங்கும் முன்னுரிமை அவர்களுக்கு. அதில் ஒருவர் பிரான்சில், ஒருவர் லண்டனில். தேசவழமைக்கு உட்பட்ட, திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். சீதனம் என்று வாயால் கொடுத்து உறுதி முடிக்காமல் விட்ட கதைகளை நான் சொல்லத் தேவையில்லை. "காசென்றால் விலை குறைச்சுத் தருவினம்" என்று தரகர் சொன்னால், ஏன் காசு மட்டும் என்று கட்டாயம் கேளுங்கள், எந்த வங்கியும் தொடாத உறுதியாகவும் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் பெரும்பகுதியைக் காசாகக் கொடுத்து, 20 லட்சம் மட்டும் லோன் எடுப்பேன். அதே கணக்கில் மாதம் 24,000 தான், வாடகைக்கு இருக்கிற பெடியள் அறையை விட்டுப் போய் வாடகை பாதியானாலும் தாங்கும், அதனால் மிஞ்சுகிற எங்கள் 20 லட்சம் கூரைக்கும் கிணற்று மோட்டருக்கும் கையில் நிற்கும். உறுதியை வங்கியும் ஒருமுறை பார்த்துவிடும். சட்டத்தரணி செலவு எங்களுடையதுதான், பரவாயில்லை.