ஒரே பெஞ்சு, ரெண்டு ஹாஸ்டல்

2025 ஜூலைல அரசு மாணவர் விடுதி எல்லாத்துக்கும் ‘சமூகநீதி விடுதி’ன்னு பேர் வைக்கிறதா முதலமைச்சர் அறிவிச்சப்ப எனக்கு நிஜமாவே சந்தோஷம். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், சிறுபான்மையினர் நலம்னு தமிழ்நாடு முழுக்க 2,700க்கு மேல விடுதி இருக்கு. வாசல் போர்டைப் பாத்தே உள்ள இருக்கிற பையன் என்ன ஆளுன்னு ரோட்ல போறவன் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தான், அந்தக் கருமம் ஒழியட்டும். அறிவிப்பு வந்தன்னிக்கு ஃபேஸ்புக்ல ரெண்டு தரப்பும் கட்டிப்புரண்டு சண்டை போட்டாங்க, மறுநாள் அடுத்த டாபிக் வந்ததும் கெளம்பிட்டாங்க. உள்ள பசங்க எப்படி இருக்காங்கன்னு யாரும் பேசல.

நான் ஹாஸ்டல்ல சோறு தின்னு படிச்சவன். ஆறாங்கிளாஸ்ல ஒரு தகரப்பெட்டி, தட்டு, டம்ளரோட அப்பா கொண்டுவந்து விட்டுட்டுப் போனாரு, கவர்மெண்டு குடுத்த பாயும் போர்வையும்தான் படுக்கை. பெட்டி சாவி எல்லாப் பயலுக்கும் அரணாக்கயித்துல தொங்கும், குளிக்கும்போதும் கழட்ட மாட்டோம். இவ்ளோ பத்திரமா பூட்டி வச்சும் ஊருக்குப் போயிட்டு வந்தவன் கொண்டாந்த முறுக்கும் கருவாட்டுத் தொக்கும் அன்னிக்கு ராத்திரியே காலி, ஏன்னா வாசனைய பூட்ட முடியாதுல்ல. வார்டனுக்கு இன்னொரு விடுதியும் சேத்துப் பொறுப்பு, அதனால அவரு வர்றதே எப்பவாவதுதான். நெசத்துல ஹாஸ்டல நடத்துனது ப்ளஸ் டூ அண்ணனுங்கதான். யாருக்குக் காய்ச்சல், யாரு அழுவுறான், யாரு கணக்குல ஃபெயிலு எல்லாம் அவங்களுக்குத் தெரியும். எட்டாவது படிக்கிறப்ப எனக்கு அம்மை போட்டுது, ஊர்லேருந்து ஆளு வர்ற வரைக்கும் ஒரு அண்ணன் வேப்பிலை ஒடிச்சுட்டு வந்து பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, அடுத்த வாரம் அவருக்குப் பரிட்சை. ஆனா இதே அண்ணனுங்கதான் துணி துவைக்கச் சொல்லி அடிக்கவும் செஞ்சாங்க, அதையும் சொல்லணும், ஹாஸ்டல்னாலே பாசம்னு கதை விடக்கூடாது.

சாப்பாடு பத்தி ரொம்ப சொல்ல வேணாம். பள்ளி விடுதிக்கு ஆளுக்கு மாசம் 1000 ரூபா இருந்தத 2023ல 1400 ஆக்குனாங்க, நாளுக்கு 47 ரூபா கூட வரல. அதுல மூணு வேளை போடுற சமையலர் அண்ணன கும்பிடணும்.

நான் சொல்ல வந்தது வேற. எங்க ஸ்கூல்ல என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவன், ஒரே டீம்ல கபடி ஆடுனவன், சாயங்காலம் பெல்லடிச்சதும் அவன் பிசி ஹாஸ்டலுக்கு அந்தப் பக்கம், நான் எஸ்சி ஹாஸ்டலுக்கு இந்தப் பக்கம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தெருதான். பகல்ல நண்பன், ராத்திரி ஆனா ‘அந்த ஹாஸ்டல் காரன்’. விளையாட்டுல சண்டை வந்தா ரெண்டு பயலோட நிக்காது, ரெண்டு கட்டடத்துக்கும் சண்டை. ஆதிதிராவிடர் விடுதிலயும் பிற சாதிப் பிள்ளைங்களுக்குன்னு கொஞ்சம் இடம் விதியில இருக்கு, ஆனா நான் இருந்த வரைக்கும் எங்க ஹாஸ்டல்ல அப்படி ஒருத்தனும் வந்து சேரல. இப்ப போர்டு ஒண்ணா ஆகியாச்சு, விடுதிங்க மட்டும் அதே பழைய துறைங்க கையிலதான்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி சேரன்மாதேவி குருகுலத்துல இதே பிரிச்சு வைக்கிற பிரச்சனைதான. காங்கிரஸ் 5000 ரூபா குடுத்த இடம், வ.வே.சு. அய்யர் நடத்துனது, அங்க பிராமணப் பசங்களுக்குத் தனிப் பந்தின்னு தெரிஞ்சதும் அப்ப காங்கிரஸ்ல இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடல, தமிழ்நாடே ரெண்டாச்சு. அன்னிக்கு ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு பந்தி, இன்னிக்கு ரெண்டு கூரையே தனித்தனியா, அதுவும் கவர்மெண்டு செலவுல, நாம ஒருத்தரும் கேக்குறதில்ல.

உடனே கமெண்ட்ல வருவீங்க, “தோழர், தனி விடுதி ஏன் வந்துச்சுன்னு தெரியுமா”ன்னு. தெரியும். வேற எங்கயும் எங்க ஆளுங்கள சேத்துக்காத காலத்துல இந்த விடுதிங்கதான் எங்கப்பா தலைமுறையையும் என்னையும் படிக்க வச்சுது. அந்த சீட்டும் அந்த நிதியும் ஒரு ரூபா கூட கொறையக்கூடாது. கலந்து வச்சா எங்க பிள்ளைங்கதான் மொத அடி வாங்கும்ங்கிற பயமும் நியாயமானதுதான், 2023ல நாங்குநேரில ஒரு தலித் பையன கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டுனத பாத்தோம்ல. அதுக்கப்புறம் பள்ளிகள்ல சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லுன்னு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024ல அறிக்கை குடுத்துச்சு, பள்ளிப் பேர்ல சாதி வேணாம்னு சொன்னத எல்லாரும் ஷேர் பண்ணோம், நானும்தான். ஆனா பயந்துக்கிட்டு தனித்தனியாவே வளத்தா அந்தப் பசங்க எங்கதான் பழகுவாங்க? பதினேழு வயசுல கொண்டுபோய் ஒண்ணா விட்டா முடியாது. ஆறாங்கிளாஸ்ல, பல்லு விளக்க ஒரே குழாய்ல வரிசைல நிக்கும்போது பழகணும்.

அதனால ஊரையே மாத்துங்கன்னு கேக்கல. ஒரே தெருவுல ரெண்டு விடுதி இருக்கிற ஊரா பாத்து, வர்ற ஜூன்ல புதுசா சேர்ற ஆறாங்கிளாஸ் பசங்கள மட்டும் ரெண்டு கட்டடத்துலயும் கலந்து போடுங்க. ஒவ்வொரு பிரிவு கோட்டாவும் அப்படியே இருக்கட்டும், ரூம் மட்டும் ரோல் நம்பர் படி. வேற பொறுப்பு இல்லாத, ராத்திரி அங்கயே தங்குற வார்டன் ஒருத்தர் வேணும், இது இல்லன்னா மத்தது எதையும் ஆரம்பிக்கவே வேணாம். பெத்தவங்க வந்து ‘எம்புள்ளைக்கு அந்த ரூம் வேணாம்’னு நிப்பாங்க, கண்டிப்பா நிப்பாங்க. அப்ப வார்டன் என்ன பதில் சொல்லணும்னு துறைல இருந்து எழுத்துல ஆர்டர் குடுத்துருங்க, அவரு தலைல கட்டிவிட்டுட்டு ஒதுங்கிக்காதீங்க.