சேர்த்து வைத்த புள்ளிகள் யாருடைய பணம்?

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பல ஆண்டுகளாக மாத மளிகை வாங்கி வருகிறோம். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்பது அந்தக் கடை சொன்ன கணக்கு. தீபாவளிக்கு நெய்யும் கடலை மாவும் அந்தப் புள்ளிகளில் வாங்கிவிடலாம் என்று அம்மா ஏறக்குறைய இரண்டு வருடமாகத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தார். பில்லின் அடியில் அச்சாகும் இருப்பைப் பேனாவால் வட்டமிட்டுக் காலண்டர் ஆணியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். கடைசியாக வட்டமிட்டது 1,840.

சென்ற வாரம் அதைக் கழிக்கப் போனபோதுதான் கணக்கு மாறியது தெரிந்தது. இனி நான்கு புள்ளிகள் சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். 1,500 ரூபாய்க்கு மேல் பில் போட்டால் மட்டும் கழிக்கலாம். ஒரு பில்லில் 100 ரூபாய்க்கு மேல் கழியாது. 90 நாட்களில் மீதி காலாவதி. 1,840 ரூபாய் 460 ஆகிவிட்டது. மாதம் ஒரு முறை மளிகை வாங்கும் குடும்பத்துக்கு அந்த 90 நாட்களில் 300 ரூபாய்தான் தேறும். "சிஸ்டத்துல அப்படித்தான்மா வருது, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார் பில் போடும் பெண். அவர் மீது எனக்குக் கோபமில்லை. முடிவெடுத்தவர்கள் கவுன்ட்டரில் நிற்பதில்லை.

இதைச் சொன்னால், "கடை இனாமாகக் கொடுத்தது, அவர்கள் இஷ்டம்" என்று நண்பர்களே பதில் சொல்கிறார்கள். அது இனாம் அல்ல. 2018 ஏப்ரல் முதல் நம் நாட்டுப் பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 115, இத்தகைய புள்ளிகளை வாடிக்கையாளருக்கு நிறுவனம் இன்னும் நிறைவேற்றாத கடமையாகவே பார்க்கிறது. நாம் செலுத்தும் தொகையில் ஒரு பகுதியைப் புள்ளிகளுக்கு என்று பிரித்து, அவற்றை நாம் பயன்படுத்தும் வரை அல்லது அவை காலாவதியாகும் வரை வருமானத்தில் சேர்க்காமல் பொறுப்பாகவே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கணக்குப் புத்தகத்தில் கடனாக நிற்கும் ஒன்றை வாடிக்கையாளரிடம் மட்டும் சலுகை என்று எப்படிச் சொல்ல முடியும்?

விதிகளை மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. அரிசி விலையும் கடை வாடகையும் ஏறும்போது திட்டங்கள் மாறுவது இயல்பு. ஆனால் மாற்றம் இனி வாங்கப்போகும் பொருள்களுக்குத்தான் பொருந்த வேண்டும். பழைய கணக்கை நம்பி ஏற்கெனவே சேர்த்த புள்ளிகளைத் தொடுவது நியாயமில்லை. ஓடிபி முதல் ஆடித் தள்ளுபடி வரை அனுப்பத் தெரிந்த எண்ணுக்கு, இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வரி குறுஞ்செய்தி வரவில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோரின் உரிமைகளைப் பெரிதும் பாதிக்கும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை நியாயமற்றவை என்று வரையறுக்கிறது. ஆனால் அந்த அடிப்படையில் வழக்குப் போட மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 1,380 ரூபாய்க்காக அறுபத்தெட்டு வயது அம்மாவை அங்கே அழைத்துச் செல்ல என்னால் இயலாது. எனவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வட்டமிட்ட பில்களின் நகல்களை இணைத்து, மாற்றத்துக்கு முன் சேர்ந்த புள்ளிகளைப் பழைய மதிப்பிலேயே கழிக்க அனுமதிக்குமாறு தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். இதே கடையில் புள்ளி இழந்தவர்கள் பழைய பில்களைத் தூக்கி எறியாமல், நீங்களும் எழுதுங்கள்.